உன் ஹெலிகாப்டர் பழுதாக வேண்டிக்கொண்டேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் வேறு யார் வாயிலாவது கேட்டுவிட்டு நீ என்னைக் கிண்டல் செய்யக் கூடாது. நீ ஏறிப் போகிற ஹெலிகாப்டர் ரிப்பேராகி, தரையை விட்டுக் கிளம்பவே கூடாது என்று மலையடி அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். விழ வேண்டும் என்று வேண்டவில்லை, அந்த அளவுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. நம் தெரு முனையில் எந்தக் காலத்திலிருந்தோ ஒரு மினி பஸ் நிற்கிறதே, டயரில் காற்றில்லாமல், கூரைமேல் காக்கா உட்கார்ந்துகொண்டு, அந்த மாதிரி நிற்க வேண்டும் என்று வேண்டினேன். நிறைவேற்றினால் ஹெலிகாப்டர் உருவம் போட்ட தகடு ஒன்று வாங்கி உண்டியலில் போடுகிறேன் என்றும் சொன்னேன். கண் வலி என்றால் கண் தகடு, கால் வலி என்றால் கால் தகடு போடுகிற கோயில்தானே. அரசாங்கத்துச் சாமான் கெட்டுப்போக வேண்டும் என்று சாமியிடம் கேட்பது குற்றமா என்று எனக்குத் தெரியாது. குற்றமென்றால் உன் மேலதிகாரியிடம் சொல்லி என்னை உள்ளே போடச் சொல். அப்புறம் நீ லீவில் வந்தால் உன் அப்பா சமையல்தான், அந்தத் தண்டனை உனக்கு.

கீழே நின்று ரிப்பேர் பார்க்கிற வேலை என்று நம்பித்தான் உன்னைப் பட்டாளத்துக்கு அனுப்பினேன். ஸ்பேனர் பிடிக்கிறவன் தரையில்தானே நிற்பான், இதில் என்ன பயம் என்று கம்பெனியில் எங்கள் லைனில் எல்லோரிடமும் பெருமையடித்தேன். போன பொங்கலுக்கு வந்தபோது, வாய் நிறையக் கறியை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாய்.

"ரிப்பேர் முடிச்சு முதல் தடவை மேல போறப்போ நாங்களும் கூடப் போவணும்மா."

"எதுக்குடா? வழி தெரியாம போய்டுமா அது?"

"யாரு நட்டு முடுக்குனானோ அவனே ஏறணும். அப்போதான் ஒழுங்கா முடுக்குவான்."

"நல்ல சட்டம்டா இது. கம்பெனி வேன் ரிப்பேர் பண்றானே அந்த மெக்கானிக், அவனையும் இந்த மாதிரி ஏத்தணும்" என்று அந்த வேனை ஓட்டுகிற உன் அப்பா சிரித்தார். நானும் விடவில்லை. கோட்டை மைதானத்துப் பொருட்காட்சியில் ராட்டினம் மேலே போனதும் நீ போட்ட கூச்சலில் ராட்டினத்தையே நிறுத்தி உன்னை இறக்கிவிட்டார்களே, அந்தக் கதையை எடுத்து, "இவன இறக்கறதுக்குன்னே இன்னொரு ஹெலிகாப்டர் பின்னாடி வரணும்" என்றேன். நீயும் சிரித்தாய். அப்புறம் நான் பின்பக்கம் பாத்திரம் தேய்க்கப் போனேன். தேய்த்த தட்டையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். உன் அப்பா வந்து, "அதுல பூப்போட்ட டிசைன் இருந்துச்சு, இப்போ காணோமே" என்றார்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். இதை நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும், பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய அம்மாக்கள் எங்கள் லைனிலேயே உண்டு. அவர்களுக்காக என் வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் ஷூ கம்பெனி. தைத்து, ஒட்டி, பாலிஷ் போட்டு என் மேஜைக்கு வரும். கோந்துக் கறை இருக்கிறதா, நூல் பிரிந்திருக்கிறதா, தையல் கோணியிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்து, சரியென்றால் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்ப வேண்டும். இத்தனை வருஷத்தில் நான் பார்த்து அனுப்பின ஷூவில் ஒன்றைக்கூட நானோ என் பக்கத்தில் நிற்பவளோ காலில் போட்டதில்லை. எங்கள் லைன் முழுக்க ரப்பர் செருப்புதான். அந்த ஷூ எந்த ஊருக்குப் போகிறதோ, எந்தக் காலில் ஏறுகிறதோ, அந்தக் கால் வழுக்கினால் எங்களுக்குத் தெரியப்போவதில்லை. அதனால் உங்கள் சட்டத்தைக் கேட்டதும் முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. தானே போட்டு நடக்கப்போகிற ஷூவை எவன் கோணலாகத் தைப்பான்? தட்டைத் தேய்க்கும்போதுதான் உறைத்தது. வேலை ஒழுங்காக நடக்க வேண்டும் என்று அவர்கள் பிடித்து வைத்திருக்கிற அடமானம் என் பிள்ளை.

இன்னொன்றும் உண்டு. நீ ஒவ்வொரு தடவையும், "எல்லாம் செக் பண்ணிட்டுதாம்மா மேல போவோம்" என்கிறாய். செக் பண்ணுகிறவளிடமே இதைச் சொன்னால் எப்படிடா? ஒரு நாள் கீழே கண்டெய்னர் வந்து நின்றுவிட்டது. மேஜைமேல் ஒரு குவியல். பார்க்கத் தங்கம் மாதிரி இருந்தது. மடக்கிப் பார்த்தால் மேல் பூச்சில் முடி மாதிரி ஒரு வெடிப்பு. ஸ்டிக்கர் ஒட்டாமல் நின்றேன். சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"இன்னாக்கா, வேடிக்க பாத்துனு நிக்கிற? வண்டி நிக்குது கீழ."

"மடக்குனா வெடிப்பு உடுது சார், பாருங்க."

"நீ ஏன்க்கா மடக்குற? அது போடறவன் வேலை."

லைனே சிரித்தது. நானும்தான் சிரித்தேன், நல்ல பதில்தானே. ஆனால் ஒட்டவில்லை, ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு டீக்குப் போனேன். வந்து பார்த்தால் மேஜை காலி. பக்கத்து மேஜைப் பெண்ணைக் கொண்டு ஒட்டி ஏற்றிவிட்டார்கள். அவள்மேல் தப்பில்லை, ஒட்டு என்றார்கள், ஒட்டினாள். சூப்பர்வைசரையும் நான் திட்ட மாட்டேன், அவர் பேஜார் அவருக்கு. நான் வேண்டாம் என்று சொன்னது என் மேஜைக்கு மட்டும்தான் செல்லும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். உன் ஹெலிகாப்டருக்கு எத்தனை மேஜையோ, எத்தனை டீ நேரமோ. நீ முடுக்குகிற நட்டு உன் கையில். அந்த நட்டைச் செய்தவன், அது மாட்டியிருக்கிற இரும்பை உருக்கினவன், அதைப் பார்த்து அனுப்பினவள், இவர்களெல்லாம் உன்னோடு ஏறுவார்களா?

மனோஜ் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. நீ முதல் தடவை லீவில் வந்தபோது கூடவே கூட்டிக்கொண்டு வந்தாய். ஒடிசாக்காரப் பையன், உன்னோடு படித்து உன்னைப் போலவே ஸ்பேனர் பிடிக்கிறவன், தமிழில் 'அம்மா'வைத் தவிர ஒன்றும் தெரியாது. எனக்கு இந்தியில் 'பானி'யைத் தவிர ஒன்றும் தெரியாது. நீ குளிக்கப் போய்விட்டால் நானும் அவனும் பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்போம். பக்கத்து வீட்டு ஷகிலா அக்காதான் காம்பவுண்டு சுவருக்கு மேலே தலையை நீட்டி, அவன் சொல்வதை எனக்கும் நான் சொல்வதை அவனுக்கும் சொன்னாள். பிரியாணியைக் கத்திரிக்காய்த் தொக்கோடு சாப்பிட்டுவிட்டு அவன் ஏதோ நீளமாகச் சொன்னான்.

"உன் புள்ள இவன வுட நல்லா வேலை செய்வானாம். இவன் கத்துக்கினது எல்லாம் உன் புள்ளகிட்டதானாம்" என்றாள் ஷகிலா அக்கா.

"இவ்ளோ அழகா பொய் சொல்றான், சீக்கிரமே கல்யாணம் ஆய்டும்னு சொல்லு."

அவள் சொன்னாள். அவனுக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. கிளம்பும்போது என் காலைத் தொட்டான். நான் அதற்கும், "செருப்பு சைஸ் பாக்குறியா?" என்றேன். அதை மட்டும் ஷகிலா அக்கா இந்தியில் சொல்லாமல் விட்டுவிட்டாள். அப்புறம் அவனை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்று நீ சொன்னாய்.

நான் வேண்டிக்கொண்டது பொங்கல் முடிந்து. வெயில் காலத்தில் ஒரு நாள் கம்பெனி விட்டு வெளியே வந்து லாக்கரிலிருந்து போனை எடுத்தால், நீ கூப்பிட்டது வரிசையாகக் கிடக்கிறது. கேட் பக்கத்திலேயே நின்று உன்னைக் கூப்பிட்டேன்.

"நான் நல்லா இருக்கேன்மா. டிவியில இன்னா சொன்னாலும் அது நான் இல்ல."

"இன்னாடா ஆச்சு?"

"எங்க ஹெலிகாப்டர் மாதிரியே ஒண்ணு விழுந்துடுச்சு, வேற ஊர்ல. அந்த மாதிரி இருக்கிறது எல்லாத்தையும் நிறுத்தி வெச்சுட்டாங்க. ஒண்ணும் பறக்காது இப்போ. லீவு குடுத்தா வர்றேன்."

உன் குரல் எப்படியோ இருந்தது. நான் அதைக் கேட்கவில்லை. ஒன்றும் பறக்காது என்பதை மட்டும்தான் கேட்டேன். அம்மன் காது கொடுத்துவிட்டாள் என்று பஸ்ஸில் வரும்போதே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நீ வருகிற அன்றைக்குக் கேசரி கிளறித் தெருவில் பாதி வீட்டுக்குக் கொடுத்தேன். "இன்னா விசேஷம்?" என்று ஷகிலா அக்கா கேட்டாள். "புள்ளைக்கு வேலை இல்லியாம், வூட்லயே இருப்பானாம்" என்றேன். பிள்ளைக்கு வேலை இல்லை என்று கேசரி கொடுத்தவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்திதான் என்று அவள் சிரித்தாள். சாயங்காலம் நீ வந்தாய். வாசலிலேயே ஆரம்பித்தேன், "இன்னாடா, ரெக்க ஒடிஞ்ச கோழி மாதிரி வர்ற?" என்று. நீ குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தாய். நிமிராமலே சொன்னாய்.

"மனோஜ் இருந்தான்மா அதுல."

மீதிக் கேசரி அடுப்புமேல் இருந்தது. நீ அதைப் பார்த்தாய். நான் அதை மூடி வைத்தேன், அடுத்த நாள் யாருக்கும் தெரியாமல் கொட்டினேன். நான் ரிப்பேர்தான் கேட்டேன், மகனே. வேறெதுவும் கேட்கவில்லை. ஆனால் உன்னுடையதை நிறுத்துவதற்கு அவனுடையது விழுந்திருக்கிறது. இது எனக்காக நடந்ததா, சும்மா நடந்ததா என்று யாரைப் போய்க் கேட்பது? உன் அப்பாவிடம் சொன்னேன். "ஒடிசாவுல விழறதுக்கு ஆம்பூர்ல வேண்டிக்கணுமா? உனக்கு அவ்ளோ சக்தி இருந்தா என் முட்டி வலி எப்பவோ போயிருக்கும்" என்றார். விழுந்தது ஒடிசாவில்கூட இல்லை என்று நான் சொல்லவில்லை. மனுஷன் என்னைத் தேற்றப் பார்க்கிறார், ஊர்ப் பெயரில் என்ன இருக்கிறது?

அந்த லீவு முழுக்க நீ கரண்ட் போன கம்பெனியில் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறவன் மாதிரிதான் இருந்தாய். ஒரு நாள் சாப்பிடும்போது நானே கேட்டுவிட்டேன், அது எவ்வளவு கெட்டியான சாமான், நடு வானத்தில் நின்றுபோனால் என்ன ஆகும் என்று. நீ சாதத்தைப் பிசைந்துகொண்டே எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாய். இன்ஜின் இரண்டு, ஒன்று நின்றாலும் இன்னொன்று கொண்டுவந்து சேர்த்துவிடும். இரண்டும் நின்றால்கூடக் கீழே வருகிற வேகத்தில் காற்றே மேலே இருக்கிற விசிறியைச் சுற்றும், பைலட் கெட்டிக்காரன் என்றால் மெதுவாக இறக்கிவிடலாம். எண்ணெய் போகிற குழாய் இரண்டு, கரண்டும் இரண்டு வழி. ஷூவை மடக்கி மடக்கி உடைகிறதா என்று பார்க்கிற மெஷின் உங்கள் கம்பெனியில் இருக்கிறதே, அதே மாதிரி ஒவ்வொரு உறுப்பையும் உடைகிற வரைக்கும் ஆட்டிப் பார்த்துத்தான் எவ்வளவு நாள் ஓட்டலாம் என்று முடிவு செய்வார்கள் என்றாய். உடைத்துப் பார்த்தது ஒன்று, நீ ஏறிப் போவது இன்னொன்று ஆயிற்றே என்று வாய் வரைக்கும் வந்தது, முழுங்கிவிட்டேன். நாள் முழுக்க ஜோடி ஜோடியாகப் பார்க்கிறவள்தானே நான், வேறு கேள்வி வந்துவிட்டது.

"எல்லாம் ரெண்டு ரெண்டுன்ற. ஒண்ணே ஒண்ணு இருக்கறது எதுடா?"

நீ பிசைவதை நிறுத்தினாய்.

"மேல விசிறிய சுத்துற கியர் பெட்டி. அது ஒண்ணுதாம்மா. அதோட தண்டும் ஒண்ணுதான்."

"அது போச்சுன்னா?"

"ரசம் ஊத்து."

ஊற்றினேன். உன் அப்பா டிவி சத்தத்தை ஜாஸ்தி பண்ணினார்.

அப்புறம் ஒரு நாள் உனக்குப் போன் வந்தது. சோதித்துப் பார்த்து, எதையோ மாற்றி, இனி பறக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். நீ துள்ளி எழுந்தாய். அந்த முகத்தை நான் என்ன செய்ய? உன் சந்தோஷத்துக்குச் சந்தோஷப்படுவதா, காலைப் பிடித்து உட்கார வைப்பதா? நீ கிளம்புகிற அன்றைக்குக் காட்பாடி ஸ்டேஷனில் ரயில் வர நேரமாகிவிட்டது. போகாதே என்று சொல்லத்தான் நான் வந்திருந்தேன். பஸ்ஸில் வரும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். நீ பையை மடியில் வைத்துக்கொண்டு, "நான் போய் முடுக்கலன்னா வேற ஒருத்தன் முடுக்குவான்மா. அவனுக்கும் அம்மா இருக்காங்க" என்றாய். நான் கேட்காமலே சொன்னாய். "சரி, அந்தம்மாவாவது நல்லா தூங்கட்டும், ஜட்டி எல்லாம் எடுத்து வெச்சுக்கினியா?" என்று சத்தமாகக் கேட்டேன். பக்கத்தில் நின்ற காலேஜ் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீ தலையில் அடித்துக்கொண்டே ஏறினாய்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். வேண்டுதல் நிறைவேறிவிட்டது, தகடு போட்டாக வேண்டும். போட்டால் மனோஜ் செத்ததற்கு நன்றி சொன்ன மாதிரி. போடாவிட்டால், நீ மேலே போகப்போகிற நேரத்தில் அம்மனிடம் வாக்குத் தவறின மாதிரி. வாசலில் தகடு விற்கிற அம்மாவிடம் போய், ஹெலிகாப்டர் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இன்னாது?"

"ஹெலிகாப்டர். மேல விசிறி சுத்துமே."

"ஏரோப்ளேன் இருக்குது. துபாய் போறவங்க எல்லாம் இதான் வாங்கினு போறாங்க, ஒடனே விசா வந்துடுது."

"இது வேற. ரெக்க இருக்காது."

"ஏம்மா, ரெக்க இருந்தா அம்மன் வேணாம்னா சொல்லப்போறா? லாரி தரட்டா?"

தட்டில் கையை விட்டுத் துழாவினேன். வீடு, தொட்டில், பசு மாடு, கண், கை. அடியில் ஆள் உருவம் ஒன்று கிடந்தது, கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிற ஆம்பிளை. அதை வாங்கிக்கொண்டேன். உள்ளே போனதும் பூசாரி அர்ச்சனை யார் பெயருக்கு என்று கேட்டார். உன் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மனோஜ் என்று வந்தது.

"நட்சத்திரம்?"

"தெரியாது சாமி."

"பெத்தவளுக்கே தெரியாதா?"

"பெத்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பையன் என்ன செய்கிறான் என்று கேட்டார். ஹெலிகாப்டரில் இருக்கிறான் என்றேன். "நீண்ட ஆயுளோட இருக்கட்டும்" என்று சொல்லிப் பூவைப் போட்டார். செத்தவன் பெயருக்கு அர்ச்சனை செய்யக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் நின்றேன். அந்த ஆயுள் அவனுக்குப் பிரயோஜனமில்லையென்றால் எங்கே போகும், யாருக்கு வரும் என்றுகூட ஒரு நிமிஷம் கணக்குப் போட்டேன். அவனை வைத்து உனக்குக் கேட்கிறேனே என்று வெட்கமாகிவிட்டது. தகட்டை உண்டியலில் போட்டுவிட்டு, "நான் கேட்டதும் வேணாம், நீ குடுத்ததும் வேணாம், என்ன வுட்டுடு" என்று அம்மனிடம் சொல்லிவிட்டு வந்தேன். வேண்டுதலைத் தீர்த்தேனா, கெடுத்தேனா, எனக்குத் தெரியாது. இனிமேல் எதுவும் வேண்டிக்கொள்ளப் பயமாக இருக்கிறது. வேண்டாமல் இருக்கவும் பயமாக இருக்கிறது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தெரியும்? உன் வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒன்றே ஒன்று, என் மேஜையிலிருந்து சொல்கிறேன். கீழே வண்டி நிற்கிறது என்று யார் கத்தினாலும், மனசுக்கு ஒப்பாததற்குக் கையெழுத்துப் போடாதே. உன் மேஜையைத் தாண்டி அது போய்விடலாம், அதை உன்னால் தடுக்க முடியாது, என்னாலும் முடியவில்லை. முடியாது என்று தெரிந்தும் ஒதுக்கி வை. அப்புறம், பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல். என்னிடம் சொல்ல வேண்டாம், நான் கிண்டல் செய்துவிடுவேன். எனக்கு அழத் தெரியாததால்தான் கிண்டல் செய்கிறேன் என்று உன் அப்பா சொல்கிறார். அவர் சொல்வதில் பத்தில் ஒன்று சரியாக இருக்கும்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நிறுத்தி வைத்ததற்கு அப்புறம் முதல் தடவையாகக் காலையில் மேலே போகிறோம் என்று நேற்று சொன்னாய். போய்விட்டு வந்து போன் பண்ணுகிறேன் என்றாய். உன் அப்பா வேனை எடுத்துக்கொண்டு ராணிப்பேட்டை போயிருக்கிறார். கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் கிரைண்டரில் உளுந்தைப் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஷகிலா அக்கா இரண்டு தடவை சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு உளுந்தைத் தள்ளிவிட எழுந்தேன். போன் அடித்தது. நீதான். ஈரக் கையோடு எடுத்தேன். "அம்மா" என்றாய். உன் பக்கம் ஏதோ இரைச்சல், என் பக்கம் கிரைண்டர் இரைச்சல். ஏறப்போகிறாயா, இறங்கிவிட்டாயா என்று கேட்பதற்குள் போன் கையிலிருந்து வழுக்கிக் கிரைண்டருக்குள் விழுந்தது. கல்லோடு சேர்ந்து சுற்றியது. சுவிட்சை அணைத்து, வெளியே எடுத்து, துடைத்து, அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். உன் நம்பரும் உன் அப்பா நம்பரும் அந்தப் போனுக்குத்தான் தெரியும். அவர் வரச் சாயங்காலம் ஆகும். உளுந்தில் கண்ணாடித் தூள் கலந்திருக்கலாம் என்று கொட்டிவிட்டேன். வேறு உளுந்து ஊறப்போட்டிருக்கிறேன்.